எரிவாயுக் கட்டணம் உயரப்போவதாக நோட்டீஸ் வந்திருக்கிறது: ஒரு வாசகிக்குப் பதில்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், குளிர் மிகுந்த ஒரு மாநிலத்திலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், எரிவாயு நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவர், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், 72 வயது மாமியார் என ஐந்து பேர் கொண்ட குடும்பம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடன் வாங்கி ஒரு வரிசை வீடு வாங்கியிருக்கிறார்கள். கணவர் வேலை விசாவில் இருக்கிறார். வீட்டைச் சூடாக்குவது, வெந்நீர், அடுப்பு எல்லாமே குழாய்வழி வரும் எரிவாயுவில்தான். சென்ற மாத பில்லோடு ஒரு மஞ்சள் தாள் வந்தது. கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டு மாநில ஒழுங்குமுறை ஆணையத்திடம் நிறுவனம் மனு செய்திருப்பதாகவும், ஆண்டுக்கு 800 தெர்ம் (எரிவாயுவை அளக்கும் அலகு) பயன்படுத்தும் சராசரி வீட்டுக்கு மாதம் 12 டாலர் 33 சென்ட் கூடும் என்றும் அதில் அச்சிட்டிருந்தது. கீழே சிறிய எழுத்தில் விவரம்: மாதாந்திர நிலைக்கட்டணம் 16 டாலரிலிருந்து 27 டாலர், விநியோகக் கட்டணம் தெர்முக்கு 40 சென்ட்டிலிருந்து 42 சென்ட். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்த மாதம்.

“சந்தையில் எரிவாயு விலை ஏறிவிட்டது, அதனால் கூட்டுகிறார்கள் என்று புரிந்துகொண்டோம். இப்போதே தெர்மோஸ்டாட்டை 66 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கிவிட்டோம். மாமியார் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்” என்று எழுதுகிறார். பக்கத்து வீட்டுக்காரர், உயர்த்தப்படும் தொகையை மட்டும் கட்டாமல் எதிர்ப்புக் காட்டலாம் என்கிறாராம். வாசலுக்கு வந்த ஒரு விற்பனை இளைஞர், மூன்று ஆண்டுகளுக்குத் தெர்ம் 79 சென்ட் என்று விலையைக் கட்டிப்போட்டால் இந்த உயர்விலிருந்து தப்பலாம் என்று சொல்லியிருக்கிறார். கூட்டத்துக்குப் போய்ப் பேசலாமா என்று இவர் கேட்டதற்கு, “விசாவில் இருக்கிறவர்களுக்கு எதற்கு வம்பு” என்று கணவர் தடுத்துவிட்டார். “எப்படியும் அனுமதி கொடுத்துவிடத்தான் போகிறார்கள். பேசி என்ன பயன்?” என்பது கடைசி வரி.

அன்புள்ள சகோதரிக்கு,

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய கட்டண வழக்குகளில் நுகர்வோர் தரப்பில் வாதாடிவரும் வழக்கறிஞர் நான். உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் குழப்பங்களும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

உங்கள் கையில் இருப்பது உத்தரவு இல்லை. ஒரு வழக்கு தொடங்கியிருக்கிறது என்னும் அறிவிப்பு. ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு வரிசைக் குழாய் பதிப்பது வீண் என்பதால், ஒரு பகுதிக்கு ஒரே நிறுவனம் என்று மாநிலம் ஏகபோக உரிமை தருகிறது. அதற்கு ஈடாக விலையை நிர்ணயிக்கும் அதிகாரத்தை நிறுவனத்திடமிருந்து எடுத்து ஓர் ஆணையத்திடம் கொடுக்கிறது. 1907இல் விஸ்கான்சினும் நியூயார்க்கும் தொடங்கிவைத்த இந்த ஏற்பாடு இன்று எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. கட்டணம் ‘நியாயமானதாகவும் பொருத்தமானதாகவும்’ இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் அளவுகோல். முதலீட்டாளரின் நலனையும் நுகர்வோரின் நலனையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று 1944இல் ஹோப் இயற்கை எரிவாயு நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றும் ஒவ்வொரு கட்டண வழக்கிலும் இரு தரப்பும் அந்தத் தீர்ப்பைத்தான் கையில் எடுக்கிறோம்.

விசாரணை பல மாதங்கள் நடக்கும். இல்லினாயில் சட்டம் ஆணையத்துக்கு 11 மாதம் வரை அவகாசம் தருகிறது. நிறுவனத்தின் நிதி அதிகாரிகள் எழுத்துமூலம் சாட்சியம் அளிப்பார்கள். ஆணையத்தின் சொந்தக் கணக்காளர்களும் பொறியாளர்களும் அதைப் பிரித்து மேய்வார்கள். பல மாநிலங்களில் நுகர்வோருக்காக வாதாடவென்றே ஒரு சட்ட அலுவலகம் இருக்கிறது. இல்லினாயில் 1983இல் சட்டத்தின் வழியே உருவான குடிமக்கள் பயன்பாட்டு வாரியம் அந்த வேலையைச் செய்கிறது. பெரிய தொழிற்சாலைகளும் தங்கள் வழக்கறிஞர்களோடு வந்துவிடுவார்கள். மொத்தச் சுமையில் தங்கள் பங்கைக் குறைத்து வீடுகளின் பக்கம் தள்ளுவது அவர்கள் நோக்கம். வீட்டு வாடிக்கையாளரின் நாற்காலிதான் பெரும்பாலும் காலியாக இருக்கும்.

கேட்டது முழுவதும் கிடைப்பது அபூர்வம். எதுவுமே கிடைக்காமல் போவதும் அபூர்வம். 2023 நவம்பரில் இல்லினாய் ஆணையம் அந்த மாநிலத்தின் எரிவாயு நிறுவனங்கள் கேட்ட தொகைகளை வெட்டியதோடு, சிகாகோவில் நடந்துவந்த பழைய குழாய் மாற்றும் திட்டத்தையும் நிறுத்திவைத்து மறுஆய்வுக்கு அனுப்பியது. உங்கள் வழக்கிலும் அப்படியே நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது என்னும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

உயரப்போவது எரிவாயுவின் விலை இல்லை

நீங்கள் இணைத்திருந்த ஜனவரி பில்லைப் பாருங்கள். நடுவில் ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு மேலே ‘விநியோகம்’, கீழே ‘எரிவாயு வழங்கல், தெர்முக்கு 55 சென்ட்’. கீழே இருப்பதுதான் எரிவாயுவின் விலை. அது சந்தையோடு ஏறி இறங்கும். 2022 ஆகஸ்டில் அமெரிக்கச் சந்தையில் பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு, அதாவது பத்து தெர்முக்கு, 9 டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டே 3 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. வாங்கிய விலையை அப்படியே உங்களிடம் வசூலிக்க வேண்டும், அதில் ஒரு சென்ட்கூட லாபம் வைக்கக் கூடாது என்பது பொது விதி. அதற்கென்று தனியாகக் கணக்குத் தாக்கல் செய்யும் நடைமுறை உண்டு.

மஞ்சள் தாள் பேசுவது கோட்டுக்கு மேலே இருப்பதைப் பற்றி. குழாய், மீட்டர், பராமரிப்பு, ஊழியர் சம்பளம், பில் அனுப்பும் செலவு, கடனுக்கான வட்டி, பங்குதாரருக்கான லாபம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. எனவே நாளை சந்தையில் எரிவாயு விலை பாதியாக விழுந்தாலும் இந்த உயர்வு அப்படியே நிற்கும். கூட்டத்தில் போய் “சந்தை விலை இறங்கிவிட்டதே, ஏன் கூட்டுகிறீர்கள்?” என்று கேட்டால், நிறுவனத்தின் வழக்கறிஞர் புன்னகையோடு, “அது வேறு கணக்கு அம்மா” என்று முடித்துவிடுவார். நல்ல மனதோடு வந்தவர்கள் பலர் இந்த ஒரு பதிலில் அடங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

எரிவாயுவில் லாபம் இல்லை என்றால் லாபம் எங்கிருந்து வருகிறது? குழாயிலிருந்து. 100 டாலர் செலவில் ஒரு குழாய் பதிக்கிறார்கள், அதில் 50 டாலர் பங்குதாரர் பணம், மீதி கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குதாரர் பணத்துக்கு ஆணையம் 10 சதவீத வருவாய் அனுமதித்தால் ஆண்டுக்கு 5 டாலர். அந்த 5 டாலர் வரி போக மிஞ்ச வேண்டும் என்பதால், கூட்டாட்சி நிறுவன வரியான 21 சதவீதத்தையும் சேர்த்து உங்களிடம் 6 டாலர் 33 சென்ட் வாங்க வேண்டும். இதற்கு மேல் கடன் வட்டி, தேய்மானம். குழாயின் மதிப்பு கணக்கிலிருந்து முழுவதும் தேய்ந்து தீரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆக, அதிகம் பதித்தால் அதிக லாபம். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை, ஏற்பாடே அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு செலவையும் “இது தேவைதானா, இந்த விலைக்குத்தானா, இவ்வளவு வேகத்திலா?” என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதற்குக் காரணமும் அதுதான்.

இங்கே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2011 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் 1928இல் பதித்த வார்ப்பிரும்புக் குழாய் விரிசல் விட்டு வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் எட்டுப் பேர். பழைய குழாய்களை மாற்றித்தான் ஆக வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும். “ஒரு டாலர்கூடக் கூட்டாதே” என்று நான் எந்த வழக்கிலும் வாதாடியதில்லை. ஆனால் பாதுகாப்பு என்னும் அதே அட்டையின் பின்னால் மேலதிகாரிகளின் ஊக்கத்தொகை, தொழில் சங்கச் சந்தா, நிறுவனத்தின் நற்பெயரை வளர்க்கும் விளம்பரம், ஏன், இந்த வழக்கை நடத்தும் வழக்கறிஞர் கட்டணம்கூட உங்கள் பில்லுக்குள் வந்து உட்காரப் பார்க்கும். வெட்டுவதற்கு இடம் இருப்பது அங்கே. பங்குதாரரின் வருவாய் விகிதத்திலும் இடம் உண்டு. நிறுவனங்கள் 10 சதவீதத்துக்கு மேல் கேட்பதும், ஆணையங்கள் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் 9க்கும் 10க்கும் நடுவில் நிறுத்துவதும் வழக்கமாக இருக்கிறது.

அந்த 12 டாலரை உடைத்துப் பார்ப்போம்

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான தகவலை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நிலைக்கட்டணம் 16லிருந்து 27. இதுதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி.

நீங்கள் அனுப்பிய பில்களைக் கூட்டினால் உங்கள் வீட்டின் ஆண்டுப் பயன்பாடு 650 தெர்ம். உயர்வு வந்தால் நிலைக்கட்டணத்தில் மட்டும் ஆண்டுக்கு 132 டாலர் கூடும். தெர்முக்கு இரண்டு சென்ட் வீதம் 13 டாலர் கூடும். மொத்தம் 145. இதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீங்கள் அடுப்பே பற்றவைக்காவிட்டாலும் கட்ட வேண்டிய பணம்.

உங்கள் ஜூலை பில்லை எடுங்கள். ஹீட்டர் ஓடவில்லை; வெந்நீரும் சமையலும் மட்டும். 12 தெர்ம். வரி நீங்கலாக இப்போது 27 டாலர் 40 சென்ட். புதிய கட்டணத்தில் அது 38 டாலர் 64 சென்ட் ஆகும். நாற்பது சதவீதத்துக்கு மேல் உயர்வு. 115 தெர்ம் எரித்த ஜனவரியிலோ 125 டாலர் 25 சென்ட், 138 டாலர் 55 சென்ட் ஆகிறது. பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். ‘சராசரி வீட்டுக்கு 12 டாலர்’ என்னும் ஒற்றை எண் இந்த இரண்டையும் மூடி மறைத்துவிடுகிறது. அறைக்கு அறை ஹீட்டர் ஓடும் மாளிகைக்கும், தனியாக வாழும் ஓய்வூதியரின் ஓர் அறை வீட்டுக்கும் அதே 11 டாலர்.

நிறுவனத்தின் வாதம் என்ன? மீட்டர், வீட்டுக்கு வரும் கிளைக்குழாய், பில் செலவு ஆகியவை பயன்பாட்டைப் பொறுத்து மாறுவதில்லை, அதனால் நிலையாக வசூலிப்பதே நியாயம் என்பார்கள். அந்த மூன்றுக்கும் அது பொருந்தும். தெருவில் ஓடும் பெரிய குழாய்க்குப் பொருந்தாது. அதன் அளவை முடிவுசெய்வது ஆண்டின் மிகக் குளிரான நாளில் எல்லா வீடுகளும் சேர்ந்து இழுக்கும் எரிவாயு. அதிகம் இழுப்பவர் அதிகம் தர வேண்டும் என்பதே அங்கே நியாயம். இன்னொன்று, நிலைக்கட்டணம் கூடினால் குளிர்காலம் மிதமாக இருந்து விற்பனை குறைந்தாலும் நிறுவனத்தின் வருமானம் அதே விகிதத்தில் குறையாது. அபாயம் குறைகிறது என்றால் அபாயத்துக்காகக் கொடுக்கும் லாப விகிதமும் குறைய வேண்டும் அல்லவா? இரண்டையும் ஒரே மனுவில் கூட்டிக் கேட்பது சரியா என்று ஆணையத்தைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இதே தொகையை முழுவதும் தெர்ம் கணக்கிலேயே வசூலித்தால் தெர்முக்கு 18.5 சென்ட் அளவில் கூடும். உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு 145க்குப் பதில் ஏறக்குறைய 120 டாலர் வரும். ஜனவரி பில் இன்னும் சற்று அதிகமாகத்தான் இருக்கும், அதையும் மறைக்கவில்லை. ஆனால் சிக்கனம் செய்தால் அதன் பலன் உங்கள் கைக்கு வரும்.

சிக்கனம் என்றதும் மாமியாரின் இரண்டு ஸ்வெட்டர்தான் நினைவுக்கு வருகிறது. முதியவர்கள் இருக்கும் வீட்டில் குறைந்தது 68 டிகிரி, அதாவது 20 செல்சியஸ் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய முதுமையியல் நிறுவனம் பரிந்துரைக்கிறது. வயதான உடல் வீட்டுக்குள்ளேயே ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்துபோகும். அது அவர்களுக்கே தெரியாது. நீங்கள் பத்து சதவீதம் குறைத்துப் பயன்படுத்தினாலும் புதிய கட்டணத்தில் மிச்சமாவது ஆண்டுக்கு 63 டாலர்தான். நிலைக்கட்டணத்தை அது தொடவே தொடாது. இன்று இரவே இரண்டு டிகிரி ஏற்றிவிடுங்கள். கதவிடுக்கையும் ஜன்னல் விளிம்பையும் அடைத்தால் அதே மிச்சம் வேறு வழியில் கிடைக்கும்.

உயர்வை மட்டும் கட்டாமல் விடலாமா?

வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் கோபம் எனக்குப் புரிகிறது, வழி தவறு. முதலாவது, உயர்வு இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. இரண்டாவது, ஆணையம் ஒப்புதல் தந்து பதிவான கட்டணத்துக்குச் சட்டத்தின் பலம் உண்டு. அதைவிட ஒரு சென்ட் கூட்டி வாங்க நிறுவனத்துக்கும் உரிமை இல்லை, குறைத்துக் கட்ட உங்களுக்கும் உரிமை இல்லை. கட்டாத பகுதி நிலுவையாகும், தாமதக் கட்டணம் சேரும், பிறகு துண்டிப்பு நோட்டீஸ் வரும். குளிர் மாநிலங்கள் பலவற்றில் குளிர்காலத்தில் துண்டிக்கக் கூடாது என்னும் பாதுகாப்பு உண்டு. அது கடனைத் தள்ளுபடி செய்வதில்லை, வசந்தகாலம் வரை தள்ளிப்போடுகிறது. வீட்டுக் கடனோடு வாழும் உங்களுக்குக் கடன் மதிப்பெண்ணில் கறை விழுவது 145 டாலரைவிடப் பெரிய இழப்பு.

பில்லில் உண்மையிலேயே பிழை இருந்தால், உதாரணமாக மீட்டரைப் படிக்காமல் ஊகமாகப் போட்டிருந்தால், அது வேறு. பிழையல்லாத தொகையைக் கட்டிவிட்டு, மீதியைத் தகராறுத் தொகை என்று எழுத்துமூலம் ஆணையத்தின் நுகர்வோர் பிரிவில் பதிவுசெய்யலாம்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உங்கள் காலக்கெடுவை முடிவுசெய்கிறது. ஒருமுறை நிர்ணயித்த கட்டணம் அதிகம் என்று பின்னால் தெரியவந்தாலும், கடந்த காலத்துக்குத் திருப்பித் தரும்படி ஆணையம் பொதுவாக உத்தரவிட முடியாது. மின்னசோட்டாவைப் போன்ற சில மாநிலங்களில் வழக்கு நடக்கும்போதே இடைக்காலக் கட்டணம் வசூலிக்கப்படும். இறுதித் தீர்ப்பில் குறைந்தால் வித்தியாசம் திரும்பி வரும். அது விதிவிலக்கு. பேச வேண்டியது தீர்ப்புக்கு முன்னால். பல வழக்குகள் பாதியிலேயே தரப்பினரின் சமரச உடன்பாட்டில் முடிந்துவிடுவதால், அடுத்த மாதக் கூட்டமே உங்களுக்குக் கிடைக்கும் சிறந்த வாய்ப்பு.

வாசலில் வந்த ஒப்பந்தம்

அந்த இளைஞர் விற்பது கோட்டுக்குக் கீழே இருக்கும் பகுதியை, அதாவது எரிவாயுவை மட்டும்; குழாய் உங்கள் பழைய நிறுவனத்துடையதே. விநியோகக் கட்டணத்தை அவரால் தொடவே முடியாது. அவரிடம் ஒப்பந்தம் போட்டாலும் 27 டாலர் நிலைக்கட்டணம் வந்தே தீரும். இப்போது 55 சென்ட்டுக்குக் கிடைப்பதை மூன்று ஆண்டுகளுக்கு 79 சென்ட்டுக்கு வாங்கினால், உங்கள் பயன்பாட்டில் ஆண்டுக்கு 156 டாலர் கூடுதல். சந்தை கடுமையாக ஏறினால் அந்த ஒப்பந்தம் லாபமாகவும் அமையலாம். அது ஒரு பந்தயம். கட்டண உயர்விலிருந்து தப்பிக்கும் வழி என்று அவர் சொன்னது உண்மைக்குப் புறம்பு.

உங்கள் பில்லையோ கணக்கு எண்ணையோ அவரிடம் காட்டாதீர்கள். அந்த எண் கிடைத்தாலே உங்களுக்குத் தெரியாமல் விற்பனையாளரை மாற்றிவிட்ட வழக்குகள் உண்டு. ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால் ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் அவகாசம் எத்தனை நாள் என்று அச்சிட்டிருக்கும், இன்றே பாருங்கள்.

உங்கள் கணவர் எரிவாயுவையே விட்டுவிட்டு மின்சார வெப்ப பம்புக்கு மாறலாமா என்று யோசிப்பதாக ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். அடுப்பை மட்டும் எரிவாயுவில் வைத்துக்கொண்டால் முழு நிலைக்கட்டணமும் தொடரும். இணைப்பை முற்றிலும் துண்டித்தால்தான் அது நிற்கும். வெப்ப பம்புக்குக் கூட்டாட்சி அரசு தந்த வருமான வரிச் சலுகையும் 2025 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. இப்போதைய ஹீட்டர் நன்றாக ஓடுகிறது என்றால் இந்த நோட்டீஸுக்குப் பயந்து மாற்ற வேண்டாம். அது பழுதாகும் நாளில் கணக்குப் போடுங்கள்.

ஆண்டு முழுவதும் ஒரே அளவாகக் கட்டும் சமநிலை பில் திட்டம் எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவாகக் கிடைக்கும். செலவு குறையாது, ஜனவரியின் அடி மட்டும் பரவலாகும். குறைந்த வருமான வீடுகளுக்காக 1981 முதல் நடக்கும் கூட்டாட்சி எரிபொருள் உதவித் திட்டத்தில் குடியேற்ற நிலை பற்றிய விதிகள் இருக்கின்றன. வேலை விசாக்காரர்கள் பொதுவாக அதில் வருவதில்லை. குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் விண்ணப்பிக்காதீர்கள்.

விசாவில் இருப்பவர் பேசலாமா?

பேசலாம். உதவித்தொகை கேட்பது வேறு, கட்டணத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது வேறு. உங்கள் கணவர் இரண்டையும் ஒன்றாக எண்ணி அஞ்சுகிறார் என்று நினைக்கிறேன். அந்தக் கூட்டத்தில் குடியுரிமைச் சான்றிதழ் கேட்பதில்லை. பில் கட்டுபவர் என்பதே உங்கள் தகுதி. இந்த நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1945இலேயே சொல்லியிருக்கிறது. கணவருடைய எச்சரிக்கையிலும் நியாயம் இல்லாமல் இல்லை: நீங்கள் சொல்வதும் எழுதுவதும் பொது ஆவணமாகும், பெயரோடு இணையத்திலும் ஏறலாம். எழுத்தில் அனுப்பினால் கணக்கு எண், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள். குடியேற்ற நிலை பற்றி அங்கே எதுவும் சொல்லத் தேவையில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். இதையெல்லாம் சொன்ன பிறகும் அவர் மனம் ஒப்பவில்லை என்றால், வீட்டு அமைதியைக் குலைத்துக்கொள்ள வேண்டாம். மாநில நுகர்வோர் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு உங்கள் பில் கணக்கை அனுப்புங்கள். அவர்கள் அதைத் தங்கள் வாதத்தில் பயன்படுத்த முடியும்.

பேசுவது என்று முடிவுசெய்தால், பெரும்பாலும் மூன்று நிமிடம்தான் கிடைக்கும். “எல்லாம் விலை ஏறிவிட்டது, எங்களால் தாங்க முடியவில்லை” என்று ஐம்பது பேர் சொல்வார்கள். அதுவும் உண்மைதான், பதிவாக வேண்டியதுதான். ஆனால் அதை வைத்து ஓர் ஆணையர் உத்தரவில் ஒரு வரிகூட எழுத முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி அரங்கில் நடந்த கூட்டம். நல்ல பனி. எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி மேடைக்கு வந்து, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து, ஆணையத்துக்காக விசாரணையை நடத்தும் நீதிபதியின் மேசைமேல் பக்கம் பக்கமாக விரித்தார். ஒன்று ஆகஸ்ட் பில், ஒன்று பிப்ரவரி பில். ஆகஸ்டில் நான்கு தெர்ம் பயன்படுத்தியிருந்தார். “இதில் எரிவாயுவுக்கு நான் கொடுத்தது இரண்டு டாலர். மீதி எதற்கு?” என்று கேட்டுவிட்டு நின்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீதிபதி அந்த இரண்டு பில்களையும் சான்றாவணமாகக் குறிக்கச் சொன்னார். எட்டு மாதம் கழித்து வந்த உத்தரவில், நிலைக்கட்டணம் பற்றிய பகுதியில் அவருடைய கேள்வி இடம்பெற்றிருந்தது. நிறுவனம் கேட்ட நிலைக்கட்டண உயர்வில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்தது. அவர் பேசியதால்தான் என்று சொல்ல மாட்டேன். எங்கள் நிபுணரின் நூறு பக்கச் சாட்சியமும் இருந்தது. ஆனால் அந்த நூறு பக்கமும் யாரைப் பற்றியது என்று ஆணையர்களுக்கு அவரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். மஞ்சள் தாளின் மேல் மூலையில் இருக்கும் வழக்கு எண்ணைச் சொல்லித் தொடங்குங்கள். ஜூலை பில்லையும் ஜனவரி பில்லையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் நாற்பது சதவீதம், ஜனவரியில் பத்து சதவீதம் என்னும் இரண்டு எண்களைச் சொல்லுங்கள். நிலைக்கட்டணத்தை ஏற்ற வேண்டாம், தேவை என்று நிரூபிக்கப்பட்ட தொகையைப் பயன்பாட்டின்மேல் வசூலியுங்கள் என்று கேளுங்கள். நிலைக்கட்டணத்தைக் கூட்டினால் லாப விகிதத்தைக் குறையுங்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பழைய குழாய்களை மாற்றுவதை எதிர்க்கவில்லை என்றும் சொல்லிவிடுங்கள், அது உங்கள் சொல்லுக்கு எடை கூட்டும்.

சத்தியப்பிரமாணம் செய்து சாட்சியமாகச் சொல்ல விருப்பமா, வெறும் கருத்தாகவா என்று நுழைவாயிலில் கேட்டால், சாட்சியம் என்று சொல்லுங்கள். பல மாநிலங்களில் பிரமாணத்தின்பேரில் சொன்னதைத்தான் தீர்ப்புக்கு ஆதாரமாகக் கொள்ள முடியும். இன்னொரு விஷயம்: வீட்டில் பகல் முழுவதும் இருந்து அந்தக் குளிரைத் தாங்குபவர் உங்கள் மாமியார்தான். அவரும் பேச விரும்பினால் தமிழிலேயே பேசட்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் ஆணையங்கள் பெரும்பாலும் ஏற்பாடு செய்கின்றன. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஆணையத்தின் அலுவலகத்தை அழைத்து, வழக்கு எண்ணையும் ‘தமிழ்’ என்பதையும் பதிவுசெய்துவிடுங்கள்.